தொலைவில் படிப்பவரின் மௌனம்: கற்றல் பகுப்பாய்வுக்கு ஓர் எளிய அறிமுகம்

நேரடி வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மாணவர்களின் முகமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். மூன்று நாளாக வராதவர் யார், வந்தும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர் யார், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுபவர் யார் என்பதெல்லாம் தனியே கணக்கெடுக்காமலே அவருக்குத் தெரியும். தொலைநிலைக் கல்வியில் அந்த முகம் இல்லை. அஞ்சல்வழிக் கல்வி என்று நாம் அழைத்துவந்த காலத்தில், பாடப்புத்தகக் கட்டு தபாலில் போனபின், மாணவரிடமிருந்து நிறுவனத்துக்குத் திரும்பி வந்த முக்கியமான அடையாளம், அவர் எழுதி அனுப்பும் ஒப்படைப்புதான். அது வந்தால் அவர் படிக்கிறார் என்று கொள்ளலாம். வராவிட்டால், படித்தும் எழுத நேரமில்லையா, படிப்பையே விட்டுவிட்டாரா, கட்டையே பிரிக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் சில ஆண்டுகள் ஒப்படைப்பு திருத்தியவன் என்ற முறையில், பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே கிடக்கும் வெற்றுக் கட்டம் எவ்வளவு குழப்பமானது என்பது எனக்குத் தெரியும்.

கற்றல் பகுப்பாய்வு என்பது அந்த வெற்றுக் கட்டத்தைப் படிக்க முயலும் துறை. இன்று பாடம் தபாலில் மட்டும் போவதில்லை. மூடுல் போன்ற கற்றல் மேலாண்மைத் தளத்தில் மாணவர் நுழைகிறார், ஒரு பக்கத்தைத் திறக்கிறார், காணொலியைப் பாதியில் நிறுத்துகிறார், விவாதப் பகுதியில் கேள்வி கேட்கிறார், வினாடிவினா எழுதுகிறார். ஒவ்வொரு செயலும் நேரத்துடன் பதிவாகிறது. மாணவர் மௌனமாக இருந்த இடத்தில் இப்போது காலடித் தடங்கள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்து, யாருக்கு எப்போது உதவி தேவைப்படும் என்று ஊகிக்க முடியுமா என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

இத்துறையின் முதல் பன்னாட்டு மாநாடு 2011-ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள பான்ஃப் நகரில் நடந்தது. அப்போது வகுத்துக்கொண்ட விளக்கத்தின் சாரம் இது: கற்பவர்களையும் அவர்களது சூழலையும் பற்றிய தரவுகளை அளந்து, திரட்டி, பகுத்து, அறிக்கையாகத் தருவது, கற்றலையும் அது நடக்கும் சூழலையும் புரிந்துகொண்டு மேம்படுத்துவதே அதன் நோக்கம். பிற்பாதியில் உள்ள இந்த நோக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரத்துக்காகவோ, கட்டண பாக்கியை வசூலிப்பதற்காகவோ மாணவர் தரவை அலசினால், அதைக் கற்றல் பகுப்பாய்வு என்று அழைக்க முடியாது.

இதற்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன தொடர்பு என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது; ஏனெனில் இரண்டையும் ஒன்றாகப் பேசும் வழக்கம் பரவிவிட்டது. ‘கடந்த வாரம் 240 பேரில் 61 பேர் தளத்துக்குள் நுழையவே இல்லை’ என்று சொல்வதற்கு எந்த நுண்ணறிவும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். அந்த 61 பேரில் யார் அடுத்த ஒப்படைப்பை அனுப்பமாட்டார்கள் என்று, முந்தைய ஆண்டுகளின் மாணவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கணினி நிரல் ஒன்று கணித்தால், அங்கே இயந்திரக் கற்றல் வருகிறது; செயற்கை நுண்ணறிவின் ஒரு கிளை அது. மாணவர் கேட்கும் கேள்விக்குத் தானே விடை எழுதும் சாட்ஜிபிடி போன்றவை வேறொரு கிளை. இவற்றைப் பின்னால் தொடுகிறேன். முதலில் கணிப்பைப் பார்ப்போம், கற்றல் பகுப்பாய்வின் மையம் அதுதான்.

ஒரு கோடி வரிகள்

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் தலைமையகம் கொண்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. முந்தைய தேர்ச்சி எதையும் கேட்காமல் எவரையும் சேர்த்துக்கொள்வது அதன் கொள்கை. வேலை பார்த்துக்கொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் படிப்பவர்கள் அங்கே பெரும்பான்மையோர். கதவை அகலத் திறந்து வைக்கும் எந்த நிறுவனத்திலும் பாதியில் வெளியேறுபவர்கள் அதிகமாகவே இருப்பார்கள். எனவே இடைநிற்றலைக் கணிக்கும் ஆராய்ச்சி அங்கே வேர்விட்டதில் வியப்பில்லை.

அந்தப் பல்கலைக்கழகம் 2017-ஆம் ஆண்டு, தன் மாணவர்களின் அடையாளங்களை நீக்கிய தரவுத் தொகுப்பு ஒன்றை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வெளியிட்டது. 2013, 2014 ஆண்டுகளில் தொடங்கிய 22 பாட அமர்வுகள் (ஒரு பாடம் ஒருமுறை நடத்தப்படுவது ஓர் அமர்வு), 32,593 மாணவர் பதிவுகள், இணையத் தளத்தில் அவர்கள் செய்த கிளிக்குகளைப் பற்றி ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் அதில் உள்ளன. பகுப்பாய்வைப் புதிதாகக் கற்பவர்கள் உலகெங்கும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். முடிவுகளின் பட்டியலே யோசிக்க வைக்கும்: 12,361 பேர் தேர்ச்சி, 3,024 பேர் சிறப்புத் தேர்ச்சி, 7,052 பேர் தோல்வி, 10,156 பேர் விலகல். மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் பாதியிலேயே விலகியிருக்கிறார்கள். தோற்றவர்களைவிட விலகியவர்கள் அதிகம்.

அதற்குள் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பாடம் எது, அமர்வு எது, மாணவரின் எண், அவர் பார்த்த பக்கத்தின் எண், நாள், அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எத்தனை கிளிக்குகள்: அவ்வளவுதான். நாள் என்பது காலண்டர் தேதியாக இருக்காது. பாடம் தொடங்கும் நாள் சுழியம். அதற்கு முந்தைய நாட்கள் எதிர்ம எண்களில் வரும். கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நாள் −8: முகப்புப் பக்கம், 4 கிளிக். நாள் −3: பாடத்திட்டப் பக்கம், 11 கிளிக். நாள் 0: முகப்பு, பாட உள்ளடக்கம், விவாதப் பகுதி என மொத்தம் 37. அடுத்த இரண்டு வாரம் ஏறத்தாழ அன்றாடம் ஏதோ ஒரு வரி இருக்கிறது. நாள் 17: முகப்பு, 1 கிளிக். பிறகு எதுவும் இல்லை. முதல் ஒப்படைப்புக்குக் கடைசி நாள் 26.

பாடம் தொடங்குமுன்பே எட்டிப் பார்த்தவர் ஆர்வம் உள்ளவர் என்பது நாள் −8-லேயே தெரிகிறது. 17-ஆம் நாள் முகப்பை மட்டும் திறந்து மூடியிருக்கிறார். அன்று என்ன நடந்தது? குழந்தைக்குக் காய்ச்சலா, அலுவலகத்தில் இரவுப் பணியா, மூன்றாம் பாடம் புரியவில்லையா? தரவுக்கு அது தெரியாது. தெரிவதெல்லாம், நேற்றுவரை வந்துகொண்டிருந்தவர் இன்று வரவில்லை என்பது மட்டுமே. ஆனால் கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்பாகவே அது தெரிந்துவிடுகிறது. பழைய முறையில், ஒப்படைப்பு வராமல் போய்ச் சில வாரங்கள் கழிந்த பிறகே தெரியும். அதற்குள் அவர் மனத்தளவில் படிப்பை விட்டிருப்பார்.

கணிப்பது எப்படி

நிரல் இங்கே செய்வதில் மாயம் எதுவும் இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர் மனத்துக்குள் செய்வதைத்தான் அது பெருந்தொகையாகச் செய்கிறது. சென்ற ஆண்டு இதே பாடத்தைப் படித்தவர்களில், 17-ஆம் நாள்வரை இந்த மாணவியைப் போலவே நடந்துகொண்ட பத்துப் பேரைத் தேடி எடுக்கிறது. அவர்களில் எட்டுப் பேர் முதல் ஒப்படைப்பை அனுப்பவில்லை என்றால், இவரும் அனுப்பமாட்டார் என்று கணிக்கிறது. இது ஒரு முறை. இன்னொன்று, கேள்விமேல் கேள்வி கேட்டுக் கிளைபிரியும் முடிவு மரம்: கடந்த ஏழு நாட்களில் நுழைந்தாரா, இல்லையெனில் அதற்கு முந்தைய வாரம் விவாதப் பகுதியைப் பார்த்தாரா, இதற்குமுன் வேறு பாடம் முடித்திருக்கிறாரா என்று போகும். அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவு ஊடக ஆய்வுக்கழகத்தில் உருவான ‘ஓயூ அனலைஸ்’ என்னும் அமைப்பு, இப்படிப் பல முறைகளின் கணிப்புகளைச் சேர்த்து, அடுத்த ஒப்படைப்பை அனுப்பாமல் போகக்கூடியவர்களின் பட்டியலை வாரந்தோறும் பாட ஆசிரியர்களுக்குத் தருகிறது.

அங்கே நடந்த ஆய்வுகளில் தெரியவந்த இரண்டு செய்திகள் எந்த நிறுவனத்துக்கும் உதவும். முதலாவது, முதல் ஒப்படைப்பை அனுப்பாதவர் பாடத்தை முடிப்பது அரிது. எனவே எச்சரிக்கை அதற்கு முன்பே வர வேண்டும். இரண்டாவது, கிளிக்குகளின் மொத்த எண்ணிக்கையைவிட, ஒருவர் தம்முடைய பழைய பழக்கத்திலிருந்து எவ்வளவு மாறினார் என்பதே அதிகம் சொல்கிறது. வாரம் ஒரே ஒரு முறை நுழைந்து எல்லாவற்றையும் பதிவிறக்கம் செய்து அச்செடுத்துப் படிப்பவர் ஒருவர் இருக்கலாம். அவருடைய எண் எப்போதும் சிறியது, அவருக்கு ஆபத்தும் இல்லை. நாள்தோறும் நாற்பது கிளிக்காக இருந்தவர் திடீரென்று மூன்றாக இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதற்குப் பதிலாக, ஒருவரை அவருடைய நேற்றோடு ஒப்பிடுவது நியாயமாகவும் இருக்கிறது, கணக்கிலும் சரியாக வருகிறது. இப்படி இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம்.

கணிப்பு தவறும். எப்படித் தவறும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு பாடத்தில் 1,000 பேர். அவர்களில் 200 பேர் உண்மையில் ஒப்படைப்பை அனுப்பப்போவதில்லை. நிரல் 250 பேருக்குச் சிவப்புக் குறியிடுகிறது. அவர்களில் 150 பேர் உண்மையிலேயே அனுப்பாதவர்கள். அப்படியானால் 100 பேர் மீது வீண் சந்தேகம். 50 பேர் கண்ணில் படாமலே நழுவிவிட்டார்கள். யாருக்கும் சிவப்பே இடாத நிரல்கூட 800 பேரைச் சரியாகச் சொல்லியிருக்கும், அதாவது 80 சதவீதத் துல்லியம்! ஆகவே விற்பனையாளர் ஒருவர் வந்து எங்கள் மென்பொருள் 80 சதவீதம் துல்லியமானது என்று சொன்னால், உடனே மகிழ வேண்டாம். குறியிட்டவர்களில் எத்தனை பேர் சரி, நழுவியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

இவ்விரண்டில் எந்தத் தவறு பெரியது என்பதைக் கணக்கு தீர்மானிக்காது. அடுத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே தீர்மானிக்கும். சிவப்புக் குறியின் விளைவு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே என்றால், வீண் சந்தேகத்தால் பெரிய கெடுதி இல்லை. நன்றாகப் படிக்கும் ஒருவரை நலம் விசாரித்ததாக அது முடியும். அதே குறியின் விளைவாக உதவித்தொகை நிறுத்தப்படும் என்றால், அந்த நூறு பேருக்கும் அது அநீதி.

பட்டியலுக்குப் பின்

பட்டியல் வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றிக் கட்டுரைகளில் ஓரிரு வரிகளே இருக்கும். நடைமுறையில் எல்லாமே அங்கேதான் இருக்கிறது. வாரத்தின் முதல் நாள் காலை ஆசிரியரின் திரையில் பன்னிரண்டு பெயர்கள் நிற்கின்றன. அவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், யாரை அழைப்பது, என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவருடைய பணிநேரத்தில் இடம் இருக்க வேண்டும். மேற்சொன்ன பல்கலைக்கழகத்தில் ஓயூ அனலைஸை எந்த ஆசிரியர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஆராய்ந்தபோது, வாரந்தோறும் பார்த்தவர்களும் இருந்தார்கள், எப்போதாவது எட்டிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அங்கே ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும் மாணவர் குழு சிறியது, பெரும்பாலும் இருபது பேர் அளவில். ஒருவர் பொறுப்பில் ஐந்நூறு பேர் இருக்கும் நிறுவனத்தில் அதே பட்டியல் என்ன செய்யும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் புகழ்பெற்ற ஒரு சறுக்கலைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகம் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற அமைப்பை உருவாக்கியது. மதிப்பெண், தளத்தில் காட்டும் முயற்சி, பழைய கல்வி வரலாறு ஆகியவற்றைக் கூட்டி, பாடத்தின் பக்கத்தில் மாணவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கைக் காட்டும். எளிமையான யோசனை; உலகெங்கும் பேசப்பட்டது. இந்த விளக்கு இருந்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடப் பல்கலைக்கழகத்தில் அதிகம் நிலைத்து நின்றார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் 2012-இல் அறிவித்தார்கள்.

2013-இல் மைக் கால்ஃபீல்ட் என்பவர் இந்தக் கணக்கில் ஒரு பொத்தலைச் சுட்டிக்காட்டினார். இரண்டு பாடம் எடுப்பதற்கு மாணவர் அத்தனை காலம் கல்லூரியில் இருக்க வேண்டுமல்லவா? முதல் பருவத்திலேயே விலகியவருக்கு இரண்டாவது விளக்குப் பாடத்தை எடுக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. நிலைத்து நின்றதால் அதிக விளக்குகளைப் பார்த்தார்களே ஒழிய, விளக்குகளைப் பார்த்ததால் நிலைத்தார்கள் என்று அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ஆல்ஃபிரட் எஸ்ஸா என்பவர் இதையே கணினியில் ஒத்திகை பார்த்து, விளக்குக்குப் பதில் மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டாலும் அதே மாதிரி முடிவு வரும் என்று காட்டினார். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லாரும் அறுபது வயது வரை வாழ்ந்திருக்கிறார்கள், ஆகவே அறுபதாம் கல்யாணம் ஆயுளைக் கூட்டும் என்பதைப் போன்றது இது. கணிப்பு துல்லியமாக இருப்பது ஒன்று. அதை வைத்துச் செய்த செயலால் பயன் விளைந்தது என்று காட்டுவது வேறொன்று. பின்னதைக் காட்ட, ஒரே மாதிரியான இரு பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் உதவியைக் கொடுத்து ஒப்பிடும் பொறுமை வேண்டும்.

கடன் வாங்கிய கணிப்பு

ஓரிடத்தில் நன்றாக வேலை செய்த நிரலை அப்படியே வாங்கி இன்னோரிடத்தில் நிறுவிவிடலாம் என்று நினைப்பது தொடக்கநிலையாளர்களும் நிர்வாகிகளும் சேர்ந்தே செய்யும் தவறு. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இணையத்தில் நடத்தும், பலரும் அறிந்த என்பிடெல் பாடங்களையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. ஆனால் இறுதி மதிப்பெண்ணுக்கு அவற்றில் சிறந்த எட்டு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அந்த எட்டின் சராசரிக்கு 25 சதவீதம், மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். இந்த விதியை அறிந்த மாணவர், கல்லூரியில் உள்தேர்வு நடக்கும் வாரத்தில் என்பிடெல் ஒப்படைப்பை நிம்மதியாக விட்டுவிடுவார். இங்கிலாந்தில் கற்றுக்கொண்ட நிரல் அவருக்குச் சிவப்புக் குறியிடும். அவரோ திட்டமிட்டுப் படிக்கும் கெட்டிக்காரர்.

இன்னொரு சிக்கலும் அதற்குள் இருக்கிறது. பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். நான்காவது வாரத்தில் வரும் ஒரே ஒரு தலைப்புக்காகச் சேர்ந்து, அந்தக் காணொலிகளைப் பார்த்து, வேண்டியதைக் கற்றுக்கொண்டு கிளம்பிவிடும் பொறியாளரை இடைநின்றவர் என்று கணக்கெழுதுவது சரியா? எதைத் தோல்வி என்று எண்ணுகிறோம் என்பதை மனிதர் எவரோ முதலில் வரையறுத்துத் தந்திருக்கிறார். நிரல் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, மிகுந்த துல்லியத்தோடு தவறான விடையைத் தரும்.

தளத்துக்கு வெளியே நடப்பதும் நிரலின் கண்ணில் படாது. ஒருவர் பாடத்தைப் பதிவிறக்கி வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் மற்ற முப்பது பேரும் அதையே படிப்பார்கள். தளத்தின் பதிவில் ஒருவர் மட்டும் உழைப்பாளி, முப்பது பேர் சோம்பேறிகள். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீட்டில் கிளிக் யாருடையது என்பதும் அப்படியே.

விடை சொல்லும் இயந்திரம்

உரையாடும் மென்பொருள்களுக்கு வருவோம். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் நடத்தும் இணையவழி முதுநிலைப் பாடத்தில், மாணவர்கள் விவாதப் பகுதியில் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 செய்திகளை எழுதிவந்தார்கள். கேள்விகளில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருபவை: கடைசி நாள் எப்போது, எந்தக் கோப்பு வடிவில் அனுப்ப வேண்டும், எத்தனை சொற்கள் எழுத வேண்டும். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் தொழில்நுட்பத்தைக் கொண்டு ‘ஜில் வாட்சன்’ என்ற உதவி ஆசிரியரை அவர் அங்கே அமர்த்தினார். பருவ முடிவில்தான், ஜில் மனிதர் இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. ரசித்தவர்கள் பலர். இன்று அப்படிச் சொல்லாமல் செய்வது முறையாகாது என்பது என் கருத்து; யாரோடு பேசுகிறோம் என்று அறியும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் கோயல் எடுத்த அளவுகோல் கற்கத் தக்கது: மிகவும் உறுதியாகத் தெரிந்த விடையை மட்டும் ஜில் சொல்லும், மற்றவை மனித உதவியாளர்களிடம் போகும். வழக்கமான கேள்விகளின் சுமை குறைந்தால், விளக்கம் கேட்டு நிற்கும் மாணவருக்கு ஆசிரியரின் நேரம் கிடைக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் பேச்சு முழுவதும் வேறு பக்கம் திரும்பியது: மாணவர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா? தொலைநிலைக் கல்வியில் இது கூர்மையான கேள்வி; மதிப்பீட்டின் கணிசமான பகுதி வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்பில் இருக்கிறது. கண்டுபிடித்துத் தருகிறோம் என்று பல மென்பொருள்கள் புறப்பட்டன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அது இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் தலையில் கட்டியது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அந்த ஆண்டே ஏழு கண்டறி மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. எளிய சொற்களையும் எளிதில் ஊகிக்கக்கூடிய வாக்கியங்களையும் கொண்டு எழுதுவது இயந்திரத்தின் அடையாளம் என்று அவை கருதுவதே காரணம். இரண்டாம் மொழியில் கவனமாக எழுதுகிற எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒப்படைப்பு எழுதும் நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சதவீத எண்ணை மட்டும் ஆதாரமாக வைத்து மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆசிரியர், தாம் திருத்தும் வேலையைத் தாமே வேண்டாம் என்கிறார். அந்த மாணவரை அழைத்து, எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் எந்த மென்பொருளும் தராத விடை கிடைக்கும்.

யாருடைய தரவு

முன்பு சொன்ன தரவுத் தொகுப்பில் கிளிக்குகளோடு வேறு விவரங்களும் உண்டு: பாலினம், வயது வரம்பு, மாற்றுத்திறன், முந்தைய கல்வி, வசிக்கும் பகுதி எவ்வளவு வறியது என்ற குறியீடு. கடைசியாக உள்ளதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வறிய பகுதியிலிருந்து வந்த பலர் முன்பு இடைநின்றிருந்தால், அதே பகுதியிலிருந்து இந்த ஆண்டு சேர்ந்தவரை, அவர் முதல் பக்கத்தைத் திறக்குமுன்பே நிரல் ஐயத்தோடு பார்க்கும். அவர் மாற்றிக்கொள்ளக்கூடியது எதுவும் அந்தக் குறியில் இல்லை. கூடுதல் உதவியை அனுப்ப அது பயன்பட்டால் நல்லது. இவர் எப்படியும் தேறமாட்டார் என்று ஆசிரியர் மனத்தில் விதைத்தால், கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும்.

இத்தகைய கேள்விகளை இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரன் ஸ்லேடும், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் பால் பிரின்ஸ்லூவும் 2013-இலேயே எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாணவர் தரவைக் கற்றல் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைக் கொள்கையை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியும் தரவையோ, அதற்கு நாம் கொடுக்கும் பொருளையோ மட்டும் கொண்டு ஒரு மாணவரை முழுதாக வரையறுக்கக் கூடாது என்பது அதன் கோட்பாடுகளில் ஒன்று. சட்டமும் மெல்ல வந்துசேர்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவர் சேர்க்கையைத் தீர்மானிப்பது, கற்றல் அடைவை மதிப்பிடுவது, தேர்வில் முறைகேட்டைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்கான அமைப்புகளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. முகத்தைப் பார்த்து மாணவரின் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளைக் கல்வி நிறுவனங்களில் பயன்படுத்துவதற்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரியிலிருந்து அங்கே தடை. கேமராவை வைத்துக் கவனச் சிதறலை அளக்கிறோம் என்று யாராவது வந்தால், இந்தத் தடையை அவருக்கு நினைவூட்டலாம்.

சிறிய நிறுவனம் ஒன்று இதைத் தொடங்க விரும்பினால், விலையுயர்ந்த மென்பொருளோடு தொடங்க வேண்டியதில்லை. சென்ற மூன்று ஆண்டுகளின் பதிவேட்டை எக்செல் தாளில் ஏற்றி, முதல் ஒப்படைப்பை அனுப்பியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், அனுப்பாதவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டே எண்களை எடுத்துப் பார்க்கலாம். இடைவெளி பெரிதாக இருந்தால், இந்த ஆண்டு முதல் ஒப்படைப்புக்குப் பத்து நாள் முன்பு, அதுவரை தளத்துக்குள் வராதவர்களை அழைக்க ஒருவரை நியமிக்கலாம். பட்டியலில் எத்தனை பெயர் வருமோ அத்தனை அழைப்புகளுக்கும் ஆள் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஆள் இல்லாத பட்டியலைத் தயாரிப்பது வீண். மாணவர்களிடமும் சேர்க்கையின்போதே, உங்கள் பதிவுகளை இன்ன காரணத்துக்காகப் பார்ப்போம் என்று தமிழில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அழைக்கும்போது என்ன கேட்பது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. ஒப்படைப்பு வராத சிலரை ஒருமுறை நாங்களே அழைத்தோம். ‘ஏன் இன்னும் அனுப்பவில்லை?’ என்று தொடங்கியபோது, ‘அனுப்பிடறேன் சார்’ என்ற ஒரே பதில்தான் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. நாலைந்து அழைப்புக்குப் பிறகு என்னுடன் இருந்த எழுத்தர் கேள்வியை மாற்றினார்: ‘புத்தகம் வந்து சேர்ந்துச்சாம்மா?’ மறுமுனையில் இருந்த பெண் சற்றுத் தயங்கி, திருமணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டதாகவும், கட்டு பழைய முகவரிக்குப் போயிருக்கும் என்றும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். திரும்பி வந்த கட்டுகள் அடுத்த அறையில்தான் கிடந்தன. எழுத்தர் அங்கே போய் அவருடையதைத் தேடி எடுத்து, முகவரியை அடித்துத் திருத்தி, அன்று மாலைத் தபாலிலேயே சேர்த்தார்.